உப்பங்கழியும் பூங்காவும்

பூங்கா என்றதும் புல்தரையும் பூப்பாத்தியும் ஊஞ்சலுமே பலர் நினைவிற்கு வரும். உப்பங்கழியின் கரையில் இவ்விலக்கணம் பொருந்தாது. சென்னை அடையாற்றின் தொல்காப்பியப் பூங்கா இதற்குத் தக்க சான்றாகும்.

கடல் ஓதம் ஏறி இறங்கும் அடையாற்றுக் கழியில் நெடுங்காலம் குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டப்பட்டன. அதைச் சீரமைக்க முற்பட்டபோது, 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்காற்று அறிவிக்கை நடப்பில் இருந்தது. ஓதநீர் பாயும் நிலத்தை மேடாக்கிக் கட்டடம் எழுப்ப அது இடம் தரவில்லை. ஆகவே, நீருக்கே முதலிடம் அளிப்பது தவிர வேறு வழியில்லை. குப்பை அகற்றப்பட்டது, நீர்நிலைகள் ஆழப்படுத்தப்பட்டன, அலையாத்தியும் மண்ணுக்குரிய மரங்களும் நடப்பட்டன. 58 ஏக்கர் கொண்ட முதற்பகுதி 2011 சனவரியில் திறக்கப்பட்டது.

பொதுப்பணத்தில் அமைந்த பூங்காவில் நுழைவுக்குக் கட்டுப்பாடு ஏன் என்று மக்கள் வினவுவது நியாயமே. பறவைகள் தங்கும் இடத்தில் கூட்டம் நிறைந்தால் சீரமைப்பின் பயன் கெடும் என்பதே அதற்கு விடை. எனினும், விடையை மக்களுக்கு எடுத்துரைப்பது அலுவலர் கடமை.

பூங்காவால் மட்டும் கழி தூய்மையாகிவிடாது. மேலிருந்து வரும் கழிவுநீரும் தடுக்கப்படவேண்டும். நீரின் இடத்தைப் பறித்த நகரம் தரும் விலையை 2015 டிசம்பர் வெள்ளம் உணர்த்தியது.

சுற்றுச்சூழல் அனுமதி என்பது, வரைபடம் முடிந்தபின் கோப்பில் சேர்க்கும் தாள் அன்று. வரைபடத்தின் முதற்கோடே அதுதான்.