மண்ணையே பார்த்து நடந்த வேந்தன்

1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் கண்ட காரைக்குடியில் யுத்த காண்டம் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வில்லும் அம்பும் பேசப்படும் அளவுக்கு, களத்திலிருந்து வீடு திரும்புகிறவன் பேசப்படுவதில்லை. இந்தக் கருத்தரங்கு அவனுக்காகக் கூடியிருக்கிறது.

முதல் நாள் போரில் எல்லாம் இழந்து, இராமன் விட்ட உயிரோடு இராவணன் இலங்கைக்குள் நுழைகிறான். திசைகளைப் பார்க்கவில்லை. செழித்த தன் ஊரையோ, அன்போடு எதிர்வந்தவர்களையோ, படையையோ பார்க்கவில்லை. பெண்கள் எல்லோரும் அவனையே பார்த்து நிற்க, அவன் மண்ணை மட்டும் பார்த்து நடக்கிறான். அன்றிரவு படுக்கை கொள்ளவில்லை. வானும் மண்ணும் பகைவரும் சிரிப்பது அவனுக்குப் பெரிதல்ல. சீதை சிரிப்பாளே என்பதுதான் அவனை அரிக்கிறது. போர் ஒரு மனிதனை என்ன செய்கிறது என்பதைக் கும்பகருணன் வதைப் படலத்தின் இந்தத் தொடக்கத்தைவிட நுட்பமாகச் சொன்ன இடம் தமிழில் அரிது.

வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்குப் பாஸ்டனில் மருத்துவம் பார்த்த ஜோனதன் ஷே, அவர்கள் சொன்னதையெல்லாம் ஹோமரில் கண்டார். ‘வியட்நாமில் அக்கிலீஸ்’ 1994-இலும் ‘அமெரிக்காவில் ஒடிசியஸ்’ 2002-இலும் வந்தன. அச்சம் மட்டுமே மனத்தைக் குலைப்பதில்லை, கட்டளையிடும் இடத்தில் இருப்பவரே அறம் தவறும்போது விழும் காயம் ஆறுவதில்லை என்பது அவர் கண்டது. அந்தக் காயத்தோடு, அண்ணன் இராவணன் செய்தது தவறென்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவனுக்காகவே சாகப் புறப்பட்ட கும்பகருணனை இந்த ஊருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இந்த மண்ணிலும் சாட்சி உண்டு. சின்ன மருதுவிடம் வேலெறியவும் வளரி வீசவும் கற்ற ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், பின்னர் அவரையே எதிர்த்துப் போரிட்டார். 1801 அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி, விடலைப் பருவத்திலேயே பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார். 1818-இல் அங்கே வெல்ஷ் முன் தளர்ந்த கிழவர் போல ஒருவர் வந்து நின்றார். பெயரைச் சொன்ன பிறகுதான் அடையாளம் தெரிந்தது. வயதோ முப்பதுகளில்தான். அந்தச் சந்திப்பு தன் நெஞ்சைக் குத்தியதை வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் மறைக்கவில்லை.

ஈழப்போர் மனங்களில் விட்ட வடுக்களை யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998-இலேயே நூலாக்கினார். மரபான சடங்குகளுக்கு ஆற்றும் வலிமை உண்டென்று அவர் தொடர்ந்து எழுதியிருக்கிறார். புறநானூற்றில் அரிசில்கிழார் காட்டும் வீட்டை நினைத்துப் பார்க்கலாம்: இறவாரத்தில் வேப்பிலை செருகி, யாழ் மீட்டி, மணி அடித்து, கடுகு தூவி, காஞ்சிப் பண் பாடி, புண்பட்டுக் கிடப்பவனைப் பெண்கள் காக்கிறார்கள். காயம்பட்டவன் தனியே விடப்படவில்லை. இன்று நாம் இழந்திருப்பது அந்தக் காவலைத்தான்.

சிவகங்கைச் சீமையில் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று அடையாளம் சொல்லப்படும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுக்காரரிடம் போரைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் வீரக்கதையைத்தான் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பிரையன் டோரிஸ், சோபக்ளிஸின் நாடகங்களைப் படைவீரர்கள் முன் வாசிக்கச் செய்து, பிறகு அவர்களையே பேசவைக்கிறார். கம்பனுக்கும் அது கூடும். இராவணன் ஊர் திரும்பும் பாடல்களை முன்னாள் படைவீரர்களும் அவர்களுடைய மனைவியரும் இருக்கும் அவையில் வாசிக்க வேண்டும். முதலில் பேசும் உரிமை அவர்களுக்கு, அறிஞர்களின் முறை அதற்குப் பிறகு. இந்த ஏற்பாட்டைக் கருத்தரங்கின் முதல் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு தலைமை கேட்டுக்கொள்கிறது.