வீட்டிலேயே வாத்தியம்

குழந்தை கரண்டியை எடுத்துத் தட்டில் தட்டுகிறது. "சும்மா இரு, காது வலிக்குது" என்று அம்மா அதட்டுகிறாள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் குழந்தை குறும்புக்காக மட்டும் தட்டவில்லை. எதைத் தட்டினால் என்ன ஓசை வரும் என்று பார்க்கிறது. அதுவும் படிப்புதான்.

இந்தப் படிப்புக்குக் காசு வேண்டாம். அரவிந்த் குப்தா என்பவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர். 1978இல் மத்தியப் பிரதேசத்தின் அன்றைய ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். கிராமப் பள்ளிகளுக்கான அறிவியல் திட்டத்தில் வேலை செய்தார். தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய காகிதம் இவற்றால் பொம்மைகள் செய்யக் கற்றுக் கொடுத்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நம் வீட்டிலும் செய்யலாம். மூன்று வாத்தியங்களைப் பார்ப்போம்.

முதலில் கிலுகிலுப்பை. மூடி போட்ட சிறிய டப்பா இரண்டு எடுங்கள். ஒன்றில் புளியங்கொட்டை போடுங்கள். இன்னொன்றில் மணல் போடுங்கள். பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். மூடியை இறுக மூடித் துணியால் கட்டுங்கள். குழந்தையைக் கண்ணை மூடச் சொல்லிக் குலுக்குங்கள். "எதில் கொட்டை? எதில் மணல்?" என்று கேளுங்கள்.

அடுத்தது பீப்பீ. பூவரச இலையைக் குழல்போலச் சுருட்டுங்கள். ஒரு முனையை லேசாக நசுக்கி ஊதுங்கள். இலை அதிரும். அந்த அதிர்வுதான் ஓசை.

மூன்றாவது தண்ணீர் வாத்தியம். ஒரே அளவுள்ள நான்கு டம்ளர்களை வரிசையாக வையுங்கள். ஒன்றில் கொஞ்சம் தண்ணீர். அடுத்ததில் அதைவிட அதிகம். இப்படியே கூட்டிக்கொண்டு போங்கள். குச்சியால் மெல்லத் தட்டுங்கள். தண்ணீர் குறைந்த டம்ளர் மெல்லிய குரலில் பாடும். நிறைந்த டம்ளர் தடித்த குரலில் பாடும். ஜலதரங்கம் வாசிப்பவர்கள் பீங்கான் கிண்ணங்களில் இப்படித்தான் சுருதி சேர்க்கிறார்கள்.

கவனம் வேண்டும். புளியங்கொட்டை சிறு குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பீப்பீயைக் காதருகே ஊதக் கூடாது.

இன்னொரு முக்கியமான செய்தி. குழந்தைக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பையைக் குலுக்குங்கள். குழந்தை திரும்பிப் பார்க்கிறதா? பல முறை குலுக்கியும் திரும்பவில்லையா? பேச்சு வரத் தாமதமாகிறதா? "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்க வேண்டாம். உடனே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். காது கேட்டால்தான் குழந்தை கேட்டுக் கேட்டுப் பேசப் பழகும். குறையைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் உதவியும் சீக்கிரம் கிடைக்கும்.

இன்று மாலை ஒரு டப்பாவும் ஒரு பிடி புளியங்கொட்டையும் எடுத்து வையுங்கள். குழந்தை குலுக்கட்டும். அதட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.