கைநாட்டும் இரகசிய எண்ணும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில், சிறுதொழில் புரிவோர் அரங்கில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



சிறுவணிகர்களைக் கணினிவழிக் களவிலிருந்து காத்துக்கொள்வது எவ்வாறு என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் நம்மைப் பணித்தார். நாம் கணினி வல்லுநர் அல்லோம். வரலாறும் ஆங்கிலமும் கற்பித்தே தலை நரைத்தவர். எனினும் நம் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகள் பலர் இன்று சிவகிரியிலும் புளியங்குடியிலும் சங்கரன்கோவிலிலும் கடை வைத்திருக்கின்றனர். ஏதேனும் இடர் நேர்ந்தால், காவல் நிலையத்திற்குச் செல்லும் முன் பழைய வாத்தியாரைத் தேடி வருகின்றனர். அவ்வாறு வந்தவர்களிடமிருந்து கற்றதையே இங்கு கூறப்போகின்றோம்.

கல்விச் சங்க மேடையில் பணத்தைப் பற்றிப் பேசுவதா என்று எவரும் எண்ண வேண்டுவதில்லை. அண்ணல் அம்பேத்கர் 1923-இல் இலண்டனில் வெளியிட்ட ஆய்வு நூல் ரூபாயின் சிக்கலைப் பற்றியதே. 2016 டிசம்பர் 30 அன்று மைய அரசு வெளியிட்ட பணம் செலுத்தும் செயலிக்குப் ‘பீம்’ எனப் பெயரிட்டபொழுது, அது அண்ணலின் நினைவாக இடப்பட்ட பெயர் என்று பிரதமரே கூறினார். பெயர் நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது. அதன் கணக்கும் நமக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

இச்சங்கம் தோன்றிய காலத்தில் நம் தெருவினர் சொந்தமாக நடத்திய கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று கைப்பேசி பழுதுபார்க்கும் கடை, தையலகம், கோழிக்கடை, உணவுக்கடை, எலுமிச்சை வாங்கி விற்கும் தொழில் எனப் பல இருக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை கடன் முதலில் நடப்பவை. தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்தவர் வீட்டில் ஐம்பதாயிரம் களவு போனால் அவ்வாண்டு நட்ட ஆண்டு; அவ்வளவுதான். மாமனோ மைத்துனனோ மறுபடி முதல் தருவான். நம் வீட்டில் ஐம்பதாயிரம் போனால் கடையே போயிற்று. மறுநாள் கூலி வேலைக்கு நடக்க வேண்டியதுதான். நமக்கு இரண்டாம் முதல் என்பது இல்லை. ஆதலின் இக்களவு எல்லோருக்கும் பொதுவான தீமை என்று சொல்லிவிட்டு நாம் அமைதியாக இருந்துவிட முடியாது.

நம் பாட்டனார் காலத்தை எண்ணிப் பாருங்கள். திருமணத்திற்கோ ஈமச் சடங்கிற்கோ ஐம்பது ரூபாய் கடன் கேட்டுத் திண்ணைக்குக் கீழே நின்றவரிடம் வெற்றுத் தாள் ஒன்று நீட்டப்பட்டது. அவர் பெருவிரலில் மையைத் தடவி உருட்டிவிட்டு வந்தார். அத்தாளில் பின்னர் என்ன எழுதப்பட்டது என்பதை அவர் அறியார். எழுதியவன் சொன்னதே கணக்கு. வட்டி கட்டியே மாண்டவர் உண்டு, மகனைப் பண்ணையில் விட்டுவிட்டு வந்தவரும் உண்டு. 1892-இல் வெள்ளையர் அரசு நம் மக்களுக்கென ஒதுக்க ஆணையிட்ட பஞ்சமி நிலங்கள், பிறருக்கு விற்கக் கூடாது என்னும் நிபந்தனை இருந்தும், ஏராளமாகக் கைமாறிப் போன வரலாற்றை நீவிர் அறிவீர்.

இன்று நம் இளைஞர் எவரும் கைநாட்டு இடுவதில்லை. ஆனால் கைப்பேசியில் தட்டும் நான்கு அல்லது ஆறு இலக்கம் கொண்ட ‘பின்’ என்னும் இரகசிய எண்ணும், குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி. எண்ணும் இன்றைய பெருவிரல் ரேகையே. எதற்காகக் கேட்கிறார்கள் என்று அறியாமல் அவற்றைத் தருவது வெற்றுத் தாளில் கைநாட்டு இடுவதே ஆகும்.

இதற்கு நாம் கண்ட சான்று ஒன்று. நம் பழைய மாணவர் ஒருவரின் தாயார் சிறிய உணவுக்கடை நடத்தி வந்தார். ஒருநாள் கைப்பேசியில் ஒருவன் அழைத்து, தான் இராணுவ அலுவலர் என்றும், முகாமில் தங்கியுள்ள வீரர்களுக்கு அறுபது சாப்பாட்டுப் பொட்டலங்கள் வேண்டும் என்றும் கூறினான். சீருடை அணிந்த படத்தையும் அனுப்பினான். அம்மையார் கடன் வாங்கி அரிசியும் காய்கறியும் எடுத்துச் சமைத்து முடித்தார். நண்பகலில் மீண்டும் அழைத்து, ‘பணம் அனுப்புகிறேன், இப்படத்தை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள், உங்கள் கணக்கில் ஏறிவிடும்’ என்றான். போட்டார். பதினெட்டாயிரம் ரூபாய் போயிற்று. மாலையில் அந்தச் சோற்றைத் தெருப்பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளித்துவிட்டு, இரவு முழுவதும் அழுதார். எவரிடமும் சொல்லவில்லை. மகனுக்கே நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த நான்கு நாட்களைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

யு.பி.ஐ. முறை 2016-இல் தொடங்கிற்று. அதில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டுவதே இல்லை. பணம் வெளியே செல்லும்பொழுதே அவ்வெண் கேட்கப்படும். இந்த ஒரு செய்தி அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தால் போதுமாயிருந்தது. பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பி, அதனை வரவு என்று ஏமாற்றியவர்களும் பலர். அத்தொல்லை பொறுக்காமல், தனியார் ஒருவர் மற்றொரு தனியாரிடம் அவ்வாறு கோரும் வசதியே 2025 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டது. ஆயினும் ஸ்கேன் செய்யச் சொல்லி ஏமாற்றும் வழி இன்னும் அடைபடவில்லை.

கல்லாப்பெட்டி அருகே நடக்கும் களவுகள் வேறு சில. வாங்கியவர் தம் கைப்பேசியை நீட்டிப் ‘பணம் போய்விட்டது பாருங்கள்’ என்று பச்சைக் குறியைக் காட்டுவார். அது போலிச் செயலியின் படமாக இருக்கலாம். அவர் கைப்பேசியில் இருப்பது அவர் சொல். நம் ஒலிப்பெட்டி அறிவித்தாலோ நம் கணக்கில் வரவு தெரிந்தாலோதான் அது பணம். கூட்டம் மிகுந்த வேளையில் இதைச் சரிபார்க்கக் கூச்சப்படுகிறோம். ‘ஐயா, இன்னும் வரவில்லை, சற்றுப் பொறுங்கள்’ என்று சொல்வதில் கூச்சம் என்ன? நம் கடைக்கு வருபவர் நம்மிடம் வாங்குவதே பெரிது என்னும் பழைய மனப்பான்மை உள்ளே எங்கோ ஒளிந்திருப்பதாலேயே இக்கூச்சம் வருகிறது என்பது நம் கருத்து.

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராகோவில் நடந்ததைக் கேளுங்கள். இரவில் சிலர் வந்து, கடைகளுக்கு வெளியே ஒட்டியிருந்த கியூ.ஆர். அட்டைகளின் மேல் தங்கள் அட்டையை ஒட்டிவிட்டுச் சென்றனர். மருந்துக்கடை, பெட்ரோல் நிலையம் உட்படப் பல இடங்களில் காலையில் வந்த பணமெல்லாம் வேறொருவன் கணக்கில் சேர்ந்தது. பணம் செலுத்த வந்தவர்கள், பெயர் மாறித் தெரிகிறதே என்று சொன்ன பிறகே உண்மை வெளிப்பட்டது. நாமும் கடை திறந்து விளக்கேற்றியவுடன் நம் அட்டையை நாமே ஒருமுறை ஸ்கேன் செய்து, தெரிவது நம் பெயர்தானா என்று பார்த்துவிட வேண்டும். இரவில் அட்டையை உள்ளே எடுத்து வைப்பது அதனினும் நன்று.

‘நமக்குப் படிப்பில்லை, அதனால் ஏமாந்தோம்’ என்று சிலர் நொந்துகொள்கின்றனர். படித்தவர்களும் பெருநிறுவனங்களும் ஏமாந்த கதையைக் கேளுங்கள். கும்பகோணத்தில் 1904-இல் தொடங்கப்பட்ட சிட்டி யூனியன் வங்கியின் கணினிக்குள் 2018 பிப்ரவரியில் களவர் புகுந்து, துபாய்க்கும் துருக்கிக்கும் சீனத்திற்குமாக மூன்று கட்டளைகளில் ஏறத்தாழ இருபது இலட்சம் டாலரை அனுப்பிவிட்டனர். அனுப்பியதற்கான ஒப்புகைச் சீட்டு அச்சாகிவிடக் கூடாது என்று அச்சு இயந்திரத்தையும் முடக்கியிருந்தனர். ஆயினும் முந்தைய நாள் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தபொழுது களவு தெரிந்துவிட்டது. துபாய்க்குச் சென்ற தொகையைத் தடுக்கவும் முடிந்தது. அங்கே களவைக் காட்டிக்கொடுத்தது, வரவையும் செலவையும் நாள்தோறும் ஒத்துப் பார்க்கும் பழைய கணக்கர் வழக்கமே. நம் கடையிலும் இரவு கல்லாவை மூடும் முன், நோட்டில் எழுதிய விற்பனையையும் வங்கிக் கணக்கில் ஏறிய வரவையும் ஒத்துப் பார்க்கக் கால் மணி நேரம் போதும்.

இதே போன்று 2016 பிப்ரவரியில் வங்காளதேசத்தின் மைய வங்கியிலும் நடந்தது. அங்கும் அச்சு இயந்திரம் ஓடவில்லை. எட்டுக் கோடியே பத்து இலட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் நாட்டிற்குச் சென்றுவிட்டது. இலங்கைக்கு அனுப்ப முயன்ற இரண்டு கோடி டாலர் தப்பியது. காரணம், களவர் ‘ஃபவுண்டேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்தைப் பிழையாக எழுதியிருந்தனர். முப்பது ஆண்டுகளாகச் சிவப்பு மையால் எழுத்துப் பிழைகளைச் சுழித்துவரும் நமக்கு இதைப் படித்தபொழுது சிறிது மகிழ்ச்சியும் உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்! வங்கியின் பெயரில் வரும் குறுஞ்செய்திகளையும் இணைய முகவரிகளையும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஓர் எழுத்து மாறியிருப்பினும் தொடாதீர்கள்.

நம் மக்களைக் குறிவைத்தே விரிக்கப்படும் வலையும் ஒன்று உண்டு. 1974-இல் தோன்றிய தாட்கோ வழியாகவும், 2023-இல் அறிவிக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தின் வழியாகவும் நம்மவர்க்கு மானியத்துடன் கடன் கிடைக்கிறது. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவரிடம், ‘உங்கள் கடன் ஒப்புதலாகிவிட்டது, பதிவுக் கட்டணம் ஐயாயிரம் அனுப்புங்கள்’ என்று ஒருவன் அழைத்தால் மனம் நம்பத்தான் செய்யும். அல்லது ‘இந்தச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பை அனுப்புவான். ஏ.பி.கே. என்று முடியும் அத்தகைய கோப்பைத் திறந்தால் நம் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. அவன் கைக்கும் போய்விடக்கூடும். அழைத்தவனிடம் வாதாட வேண்டாம். பேருந்து ஏறித் தென்காசிக்குச் சென்று அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இனி இளைஞர்களிடம் தனியே ஒரு சொல். ‘உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு, ஐயாயிரம் தருகிறேன்’ என்று எவரேனும் கேட்டதுண்டா? சிலர் தலை குனிவதைக் காண்கின்றோம். களவாடிய பணத்தை ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்குத் தாவவிட்டு மறைப்பதற்கு வாடகைக் கணக்குகள் வேண்டும். வேலையில்லாமல் இருப்பவனின் கணக்கே அவர்களுக்கு மலிவு. 2024 டிசம்பரில் தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு ‘திரைநீக்கு’ என்னும் பெயரில் நடத்திய வேட்டையில் 76 பேர் கைதாயினர். நாம் அறிந்த ஒரு பையன், மேல்நிலைப் படிப்பை முடித்தவன், ஏ.டி.எம். அட்டையையும் சிம் கார்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டான். வெளிமாநிலக் காவலர் வீட்டு வாசலில் வந்து நின்றபொழுது, தன் கணக்கில் எத்தனை இலட்சம் புரண்டது என்பதே அவனுக்குத் தெரியவில்லை. ஐயாயிரம் வாங்கியவன் பெயர் வழக்கில் இருக்கிறது. இலட்சங்களைக் கொண்டு சென்றவன் பெயர் எங்கும் இல்லை. அவன் எழுத வேண்டிய அரசுத் தேர்வு ஒன்று இருந்தது. எழுதவில்லை.

குற்றம் செய்யாத கடைக்காரரையும் இது வந்து தொடும். களவுப் பணத்தில் ஒருவன் நம் கடையில் பொருள் வாங்கினாலும், அந்தத் தடத்தைப் பின்பற்றி வரும் காவல்துறை நம் கணக்கை முடக்கிவிடலாம். விற்றதற்குச் சீட்டு இருந்தால் வங்கியிடமும் காவல்துறையிடமும் காட்டி வழக்காடலாம். இருநூறு ரூபாய் விற்பனைக்குச் சீட்டு எதற்கு என்று கேட்போருக்கு இதுவே விடை. மேலும், அட்டையில் வரும் பணத்திற்கென ஒரு கணக்கும், முதலையும் சேமிப்பையும் வைத்திருக்க யு.பி.ஐ. இணைக்காத வேறொரு கணக்கும் தனித்தனியே இருப்பது நன்று. ஒன்று முடங்கினாலும் களவு போனாலும் மற்றொன்றில் அரிசி வாங்கலாம்.

கணினியில் கணக்கு வைத்திருப்போர் சிலரே, அவர்களுக்கு ஒன்று. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளைக் களவர் பூட்டிவிட, மருத்துவர்கள் பல நாள் காகிதத்தில் எழுதியே மருத்துவம் பார்த்தனர். வாரம் ஒருமுறை கணக்கைப் பென்டிரைவில் படியெடுத்து, அதனைக் கழற்றி வீட்டில் வையுங்கள். கழற்றாவிட்டால் அதுவும் சேர்ந்தே பூட்டப்படும்.

இப்பொழுது அந்த நான்கு நாட்களுக்கு வருவோம். பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்னும் எண்ணை அழைத்தால், அப்பணம் எந்த வங்கியில் நிற்கிறதோ அங்கேயே தடுக்க முயல்வர். அடுத்த கணக்கிற்குத் தாவும் முன் பிடிக்க வேண்டும். தாவுவதற்குச் சில மணி நேரம் போதும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று விடுத்த சுற்றறிக்கை, நம் பிழையோ வங்கியின் பிழையோ இன்றிப் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் இழப்பு நம்முடையது அன்று என வகுத்தது. இரகசிய எண்ணை நாமே தந்திருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு நமக்கு; தெரிவித்த பின் போவது வங்கியின் பொறுப்பு என்றும் அச்சுற்றறிக்கை வகுத்தது. எவ்வகையிலும், நேரம் கடத்துவதால் நட்டம் நமக்கே.

அம்மையார் ஏன் நான்கு நாள் வாய் திறக்கவில்லை? ‘படிக்காதவள் ஏமாந்தாள் என்று ஊர் சிரிக்குமே’ என்றார். காவல் நிலையப் படியேறினால் நம்மையே குற்றவாளியாக்கி விடுவார்களோ என்றும் அஞ்சினார். அவ்வச்சம் வீண் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை; நம் மக்கள் அப்படிகளில் பட்டது கொஞ்சமா? ஆதலினால் செயலாளரிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றோம். இனி எவருக்கேனும் இவ்விடர் நேர்ந்தால், இரவானாலும் சங்க உறுப்பினர் இருவர் உடன் வருவர். முதலில் 1930, பின்னர் வங்கி, அதன்பின் தென்காசி சைபர் குற்றக் காவல் நிலையம். புகாரை எழுதித் தரும் பணி நம்முடையது. தமிழிலேயே எழுதுவோம்.

நூலக வாயிற் பலகையில் அவ்வெண்ணைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கின்றோம். பலகை இன்னும் ஈரம் காயவில்லை. கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உணவு முடிந்ததும், கடை வைத்திருப்போர் தத்தம் கைப்பேசியையும் கியூ.ஆர். அட்டையையும் எடுத்துக்கொண்டு அங்கே வாருங்கள். அந்த அம்மையாரும் வருகிறார். முதலில் அவர் அட்டையைப் பார்ப்போம்.