பெற்றோர் என்றால் எந்தப் பெற்றோர்?

(செஞ்சியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் விட்டுப்போன சில விவரங்கள் எழுதும்போது சேர்க்கப்பட்டன.)



கவிதை பத்திப் பேசச் சொல்வாங்கன்னு நினைச்சுதான் வந்தேன். ‘தொடக்கப் பள்ளியும் பெற்றோரும்’னு தலைப்பு குடுத்துட்டாங்க. கேட்ட உடனே, கல்வித்துறை நடத்துற பயிற்சி முகாம் தலைப்பு மாதிரி இருக்குதேன்னு தோணுச்சு. யோசிக்க யோசிக்க, நம்ம அரசியலே இதுக்குள்ளதான் கெடக்குதுன்னு படுது.

வெளியே நின்று பார்த்தால் ராஜகிரி தெரியும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகளைச் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்ததில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டும்தான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைப் பெருமையாகச் சொல்கிறோம். கோட்டைக்குள் நான்காவதாக ஒரு சின்ன மலையும் இருக்கிறது. அதன் பெயர் சக்கிலிதுர்க்கம். மூன்று மலை ஊர்க்கணக்கு, நாலாவது எண்ணிக்கையில் வராது. பள்ளிக்கூடத்தில் ‘பெற்றோர்’ என்று சொல்லும்போதும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது.

பெற்றோரும் பள்ளியும் கைகோர்க்க வேண்டும் என்கிற பேச்சு புதிதல்ல. 1953-இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிள்ளை தினமும் மூன்று மணி நேரம் பள்ளியில் படிக்கும். மீதி நேரம் வீட்டில் பெற்றோரிடம் அவர்கள் தொழிலைக் கற்கும். காகிதத்தில் படித்தால் எவ்வளவு அழகு பாருங்கள்! வாத்தியார் பாதி, அப்பன் பாதி. குயவர் பிள்ளை சக்கரத்தில் உட்காரும், தச்சர் பிள்ளை உளி பிடிக்கும். சேரிப் பிள்ளை? செத்த மாட்டைத் தூக்கணும், சாவு சேதி சொல்லப் போகணும், ஆண்டை நிலத்துல குனியணும். இதைத்தான் பெரியார் குலக்கல்வி என்று பேர் வைத்து அடித்தார். காமராசர் முதல்வரானதும் 1954-இல் திட்டம் ஒழிந்தது. ‘பெற்றோர் ஒத்துழைப்பு’ என்ற நல்ல வார்த்தைக்குள் சாதி எப்படிச் சம்மணம் போட்டு உட்காரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நாம் அன்று கேட்டதும் இன்று கேட்பதும் ஒன்றுதான். எம்புள்ளையை எங்கிட்டருந்து காப்பாத்தி அனுப்பு, என் தொழில்லருந்து காப்பாத்தி அனுப்பு.

அதற்கும் முன்னால் போனால், பள்ளிக்கூடமே ஊர்த்தெருவிலும் கோயில் மண்டபத்திலும் இருந்தது. நம் பெற்றோர் பள்ளி வாசல் வரைக்கும்கூட வர முடியாது. அதனால்தான் 1894-இல் அடையாறில் ஆல்காட் பஞ்சமர்க்கென்று தனிப் பள்ளி தொடங்க வேண்டியிருந்தது. செஞ்சியும் சேர்ந்திருந்த பழைய தென்னார்க்காட்டில், சிதம்பரத்தில் 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைக் கட்ட வேண்டியிருந்தது. பிறகு தொழிலாளர் துறை சேரிகளில் பள்ளி திறந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு வேர் அங்கேதான். 2023 நிதிநிலை அறிக்கையில் அவற்றைப் பள்ளிக் கல்வித்துறையோடு இணைப்பதாக அறிவித்தபோது நம் அமைப்புகள் எதிர்த்தன. அது தனி விவாதம். ஆனால் அந்தப் பள்ளிகளில் ‘பெற்றோர்’ என்றால் அது நம் சனம்தான். மற்றப் பள்ளிகளில் அப்படி இல்லை.

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் என்ன நடந்தது? அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று திரண்டு வந்தவர்கள் யார்? பெற்றோர்! அதிகாரிகள் முதலில் அந்த அம்மாவைத்தான் இடம் மாற்றினார்கள். போராட்டம் வெடித்த பிறகே உத்தரவு திரும்பியது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. பெற்றோர் சேர்ந்து நின்றால் பள்ளி பணியும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே அவர்கள்தான். எந்தப் பெற்றோர் சேர்ந்து நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதி பெண்கள். ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் விகிதப்படி இடம். இந்தக் கடைசி வரியை மனப்பாடம் பண்ணிக்குங்க. 22-ஆவது பிரிவு, பள்ளி வளர்ச்சித் திட்டத்தை அந்தக் குழுதான் தயாரிக்க வேண்டும், அரசு நிதிக்கு அந்தத் திட்டமே அடிப்படை என்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது இருபது பேரில் பதினைந்து பேர் பெற்றோர், தலைவர் ஒரு தாய். 2024-இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. காகிதத்தில் இவ்வளவு இருக்கிறது. காகிதம் எங்கிட்ட எப்படி வருதுன்னு சொல்றேன்.

நான் வங்கியில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறவன். பள்ளிப் பணம் எடுக்க வேண்டுமானால் தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். பல நேரம் கையெழுத்து ஏற்கெனவே போட்டே வரும். நானும் ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேன். பள்ளி பேரும் ஊர் பேரும் வேணாம், ஒருநாள் நடந்ததைச் சொல்றேன். ஏதோ கையெழுத்து பொருந்தவில்லை என்று அந்த அம்மாவையே வரச் சொல்லியிருந்தோம். களை எடுக்கிற வேலையை விட்டு வந்திருந்தார், கால் எல்லாம் சேறு. கூட வந்த ஆசிரியர் ‘இங்க போடும்மா, இங்க ஒண்ணு’ என்று விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்து, ‘இது எதுக்கு சார்?’ என்று கேட்டார்.

காகிதத்தைத் திருப்பிப் படித்துச் சொன்னேன். கழிவறைப் பராமரிப்பு.

‘கக்கூசா? எம்பொண்ணு வூட்டுக்கு வந்துதான சார் போவுது.’

கவுன்ட்டரில் சத்தமே இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘நாளைக்கி வரேன்’ என்று போய்விட்டார். அடுத்த மாதம் வேறு வேலையாக வந்தபோது விசாரித்தேன். கழிவறைக்குக் கதவு போட்டாங்களாம், தண்ணி வருதாம். ‘ஆனா இனிமே நான் எதுவும் கேக்க மாட்டேன் சார். பொண்ணு அவங்க கையிலதான கீது’ என்றார்.

தோழர்களே, இந்த ஒரு வாக்கியத்தில்தான் மொத்தப் பிரச்சினையும் இருக்கிறது. நம் பெற்றோருக்கு அக்கறை இல்லை, கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவதில்லை, வந்தாலும் வாய் திறப்பதில்லை என்று ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கூட்டம் வைப்பது வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு. வந்தால் கூலி போகும். தை முடிந்தால் பாதிக் குடும்பம் செங்கல் சூளையில் கிடக்கும், பிள்ளையும் கூடவே. இதையெல்லாம் மீறி வந்து ஒரு கேள்வி கேட்டால், பிள்ளை பிணைக்கைதி. திட்டுவாங்களோ, பின்னால உக்கார வைப்பாங்களோ, கூட்டச் சொல்லுவாங்களோ. அக்கறை இல்லாததால் வருகிற மௌனமில்லை இது. அக்கறையால் வருகிற மௌனம்.

ஆசிரியர்களையே குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. ரெண்டு பேர் அஞ்சு வகுப்பு நடத்துறாங்க. மீதி நேரம் கைபேசியில் விவரம் பதிவேற்றுறாங்க. அன்று வந்த ஆசிரியர் திருடரல்ல. பெற்றோரிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும், யாரிடம் விரல் வைத்துக் காட்டினால் போதும் என்பதைச் சாதி ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கிறது.

அம்பேத்கரைப் பற்றிப் பேசும்போது சதாரா பள்ளியில் அவர் உட்கார்ந்த கோணியையும், பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்பதையும் சொல்கிறோம். அவர் அப்பா ராம்ஜியைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். பம்பாயில் ஒற்றை அறை வீடு. மகனை முன்னிரவிலேயே தூங்க வைத்துவிட்டுத் தான் விழித்திருந்து, விடியற்காலை இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்க வைத்தவர். புத்தகம் வாங்க மகள்களிடம் கடன் கேட்டவர். அவரால் அது எப்படி முடிந்தது? ராணுவத்தில் இருந்தவர், ராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர், படித்தவர். பள்ளியில் தீண்டாமை இருந்தது, வீட்டில் ஒரு வாத்தியார் இருந்தார்.

இன்றைக்கு நம் சேரியில் ராம்ஜிகள் இல்லையா? இருக்கிறோம். ஆசிரியர், கிளார்க், காவலர், பேருந்து நடத்துநர். ஆனால் எங்கள் பிள்ளைகள் எங்கே படிக்கின்றன? என் மகள் தனியார் பள்ளியில்தான் படிக்கிறாள். மறைக்க ஒன்றுமில்லை, நியாயப்படுத்தவும் வரவில்லை. இடஒதுக்கீட்டில் மேலே வந்த நாங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு வெளியேறியபோது, அரசுத் தொடக்கப் பள்ளியிலிருந்து காகிதத்தைப் படிக்கத் தெரிந்த பெற்றோரும் சேர்ந்து வெளியேறிவிட்டார்கள். மிச்சம் நிற்கிறவர் அந்தக் களை எடுக்கிற அம்மா. அவர் கையெழுத்துதான் சட்டத்துக்கு வேண்டும்.

அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஊரில் 1968-இல் ஜேம்ஸ் கோமர் என்கிற கருப்பின மனநல மருத்துவர், கருப்பினப் பிள்ளைகள் படித்த இரண்டு தொடக்கப் பள்ளிகளில் ஒரு வேலை ஆரம்பித்தார். பள்ளியை நடத்தும் குழுவில் ஆசிரியர்களோடு பெற்றோரையும் உட்கார வைத்தார். ஒருவரையொருவர் குற்றம் சாட்டிப் பேசக் கூடாது என்பது அந்தக் குழுவின் விதி. கோமரின் அம்மா வீட்டுவேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர், பள்ளிப்படிப்பு கொஞ்சம்தான். படிக்காத பெற்றோர் பள்ளிக்குப் பாரமல்ல என்பது அவருக்குச் சொந்த வீட்டு அனுபவம். இது ஏதோ வெள்ளைக்கார தேசத்து வசதி என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் திண்டிவனம் ரோசணைக்குப் போய்ப் பாருங்கள். பேராசிரியர் பிரபா கல்விமணியும் தோழர்களும் அங்கே தாய்த்தமிழ்ப் பள்ளியைக் கட்டினார்கள். இருளர் மக்கள் சாதிச் சான்றிதழுக்கு அலைந்தபோது கூட நின்றவர்களும் அவர்கள்தான். சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் நிற்பதும் பள்ளிக்கூட வேலைதான். அதைத் தனியாக ஒரு அப்பன் செய்ய முடியாது.

இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் அத்தனை பேரும் ஏதோ ஒரு தொடக்கப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள். அந்தக் குழுவில் உங்களுக்கும் இடம் இருக்கிறது, போய்க் கேளுங்கள். நம் ஊரில் குழு உறுப்பினர்கள் யார் யார், காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர், அந்த விகிதத்தில் காலனிப் பெற்றோர் இருக்கிறார்களா என்று ஒரு தாளில் எழுதுங்கள். இதற்குப் பட்டப்படிப்பு வேண்டாம், அஞ்சாம் வகுப்புக் கணக்கு போதும். கூட்டத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் தலைவராக இருக்கிற அம்மா வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். மற்ற அம்மாக்களையும் கூப்பிடுங்கள். இருப்பு எவ்வளவு, எதற்குச் செலவு, போன மாதத் தீர்மானம் என்ன என்று படித்துக் காட்டுங்கள். நேரத்தை மாலை 5 மணிக்கு மாற்றச் சொல்லி எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுங்கள். கேள்வியை ஒருத்தர் கேட்கக் கூடாது. அஞ்சு பேர் கேட்கணும், ஒரே கேள்வியை. அஞ்சு பேர் பிள்ளைகளையும் பின்னால் உட்கார வைக்க முடியாது.

அந்த அம்மா போன வாரம் மறுபடி வங்கிக்கு வந்தார். இந்த முறை மகளும் கூட வந்திருந்தாள், நாலாம் வகுப்பு. ஆதிதிராவிடர் பெண் பிள்ளைகளுக்கான ஊக்கத்தொகை வந்திருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார்கள். பாஸ்புக்கை நான் திருப்பிக் கொடுப்பதற்குள் அந்தப் பெண் எட்டிப் பறித்து, வரிவரியாக விரல் வைத்து அம்மாவுக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். பின்னால் வரிசை நீண்டது. மேலாளர் கண்ணாடிக்கு உள்ளிருந்து பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.