சிரிப்பொலி சேர்க்காத காட்சிகள்



கொரியப் போரில் அமெரிக்க ராணுவத்தின் 8055ஆம் நடமாடும் அறுவை மருத்துவமனையில் வேலை பார்த்தவர் ரிச்சர்ட் ஹார்ன்பெர்கர். ஊர் திரும்பி, மெய்ன் மாநிலத்தில் மார்பு அறுவை மருத்துவராக இருந்துகொண்டே ஒரு நாவல் எழுதினார். எழுத்தைச் செப்பனிட உதவியவர் டபிள்யூ. சி. ஹைன்ஸ் என்ற விளையாட்டுச் செய்தியாளர். 1968இல் ரிச்சர்ட் ஹூக்கர் என்ற புனைபெயரில் 'மாஷ்' வெளிவந்தது. 8055 கதையில் 4077 ஆனது. ஹார்ன்பெர்கரின் சாயலில் ஹாக்ஐ பியர்ஸ் பிறந்தான்.

குடிப்பான், மேலதிகாரியை மதிக்கமாட்டான், வாய் ஓயாது. கத்தியைப் பிடித்தால் மட்டும் கை பிசகாது. இந்தக் கிண்டல் எங்கிருந்து வந்தது? அங்கே மருத்துவமனை என்றால் போர்முனைக்குச் சற்றுப் பின்னால் அடித்த கூடாரங்கள். ஹெலிகாப்டரின் வெளிப்புறத்தில் கட்டிய படுக்கைகளில் காயம்பட்டவர்கள் வந்து இறங்குவார்கள். நேர்த்தியாகத் தைக்க நேரமில்லை. உயிரைப் பிடித்து நிறுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, அடுத்தவனைப் பார். நாவலும் அதே அவசரத்தில்தான் ஓடுகிறது. கதைக்கோப்பு தளர்ச்சிதான், எனக்கு அது குறையாகப் படவில்லை.

1970இல் ராபர்ட் ஆல்ட்மன் படமாக்கினார். 1972இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் 1983 வரை ஓடியது. மூன்றாண்டுப் போர் சின்னத்திரையில் பதினோரு ஆண்டு நடந்தது! அதில் ஆலன் ஆல்டா நடித்த ஹாக்ஐ போரைக் கண்டித்துப் பேசுகிறவன். ஹார்ன்பெர்கருக்கு அது பிடிக்கவேயில்லை. தன் சாயலில் பிறந்தவன் வாயில் இன்னொருவர் அரசியல் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆனாலும் நான் தொடரின் பக்கம். அதை உருவாக்கியவர்கள் கொரியாவில் பணியாற்றிய மருத்துவர்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தார்கள். 1976இல் கருப்பு வெள்ளையில் வந்த ஒரு பகுதியில் முகாமின் பாதிரியார் சொல்கிறார்: கடுங்குளிரில், திறந்த உடலிலிருந்து எழும் ஆவியில் மருத்துவர்கள் கையைச் சூடேற்றிக்கொள்கிறார்களாம். மேசையருகே நின்றவர் சொல்லாமல் இது எந்த எழுத்தாளருக்குத் தோன்றும்? தொலைக்காட்சி நிறுவனம் பதிவுசெய்த சிரிப்பொலியைச் சேர்க்கச் சொன்னபோது, அறுவைக்கூடக் காட்சிகளில் அது கூடாது என்று தயாரிப்பாளர்கள் நிபந்தனை போட்டார்கள். தொடரின் தரத்துக்கு அந்தப் பிடிவாதம் ஒன்றே போதும்.

அதே போரில் இந்தியாவின் 60ஆம் பாராசூட் கள மருத்துவப் பிரிவும் இருந்தது. தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஆர்க்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். 1951 மார்ச்சில் அமெரிக்க வான்குடை வீரர்களோடு முன்சானில் குதித்து, காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்த குழு அது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. இவர்களை வைத்து எழுதிய தமிழ் நாவல் எதுவும் என் கண்ணில் படவில்லை. எழுத நினைப்பவர்கள் பதக்கத்தை ஒதுக்கிவிட்டு, அந்தக் கூடாரத்தில் ராத்திரி என்ன பேசிச் சிரித்திருப்பார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம்.