முனி அடித்ததா, கொதிப்பு அடித்ததா?



கை கால் விழுந்தவனை "முனி அடித்துவிட்டது" என்று நம் தருமபுரிப் பக்கத்தில் மந்திரவாதியிடம் தூக்கிக்கொண்டு போகிறோம். அவனும் கயிறு கட்டிக் கோழி வாங்கிக்கொள்கிறான். பக்கவாதத்திற்கு முக்கிய காரணம் இரத்தக் கொதிப்பு. அதை அளக்கலாம், முனியை அளந்தவன் எவன்?

1896-இல் இத்தாலி தேசத்து ரிவா-ரொச்சி கைப்பட்டையையும் பாதரசத்தையும் கொண்டு அளந்தார். இன்றோ பட்டையிலுள்ள காற்றின் துடிப்பைப் பெட்டிக்குள்ளிருக்கும் சிறு உணரி மின்சாரமாக்கி எண்ணாகக் காட்டுகிறது. (ஆலையில் கொதிகலனைக் காப்பதும் இவ்வினத்துக் கருவியே. ஆயுத பூசை போடுகிறவரும் அதைக் கழற்றிவைப்பதில்லை!) 140-க்கு 90 என்பதற்கு மேலேயே நின்றால் வைத்தியம் வேண்டும்.

முன்பு நம்மோடிருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" இதை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. கொதிப்பு பெரும்பாலும் வலி காட்டாது. அப்படியிருக்க, அளக்க வரும் அம்மையாரிடம் "எனக்கொன்றுமில்லை" என்று கையை மறைப்பானேன்?