யானைத்தீயும் ஒரு கவளமும்

மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்றொரு பெண். முனிவர் உண்ணவிருந்த நாவற்கனியைக் காலால் சிதைத்துவிட்டாள், கிடைத்தது சாபம். 12 ஆண்டுகள் எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசி! அமுதசுரபிப் பாத்திரத்திலிருந்து மணிமேகலை இட்ட சோற்றில்தான் அது அணைந்தது.

இன்றும் அளவில்லாமல் தின்றுவிட்டுக் கூனிக்குறுகுபவர்கள் உண்டு. சோற்றைக் கண்டாலே நடுங்குபவர்களும் உண்டு. இவை இரண்டும் திமிர் அல்ல, நோய்.

நெமிலியில் பாலா திரிபுரசுந்தரிக்கு விரதம், ஆம்பூரில் ரமலான் நோன்பு, தேவாலயங்களில் தவக்காலம் என்று நோன்புகளுக்குக் குறைவில்லாதது நம் வேலூர் வட்டாரம். சாப்பாட்டுக்குப் பயந்தவருக்கு விரதம் வசதியான மறைவிடம். "பக்தியான பொண்ணு" என்று பாராட்டு வேறு கிடைக்கும்!

ஆனால் நோயாளிகளுக்கு நோன்பிலிருந்து குர்ஆனே சலுகை தருகிறது. கத்தோலிக்கத் திருச்சபையும் அப்படித்தான். அம்மனும் பட்டினி கேட்டு அடம்பிடிப்பவள் அல்ல. "சாப்பிடும்மா, பாவமில்லை" என்று இமாமோ பாதிரியாரோ குருக்களோ சொன்னால், வைத்தியர் சொல்வதைவிடச் சிலருக்குச் சட்டென்று உறைக்கும். அதற்காக வைத்தியரை விட்டுவிடக் கூடாது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது 1950களிலிருந்தே வழக்கம். குடும்பத்தின் துணை அவ்வளவு முக்கியம்; அதனால் உங்கள் வீட்டில் யாராவது தினமும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால், திட்டாதீர்கள். மனநல உதவிக்கு டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.